தம்பி வைத்த கடைசி ஒட்டு

உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு துணி இருக்கிறது. துவைத்துத் துவைத்து நைந்துபோன தலையணை உறையில் கிழித்த துண்டு. கை அதை அழுத்துவதில்லை. துணி நழுவாத அளவுக்குத்தான் பாரம் வைக்கிறது. மணிக்கட்டு அசையாமல், முழங்கையிலிருந்து நகர்ந்து, தகட்டின் வளைவோடு மேலே போய் அதே வழியில் திரும்பி வருகிறது. வெறும் விரலால் தடவினால் வியர்வை இழுக்கும், ஒன்றும் தெரியாது. துணி வழுக்கிக்கொண்டு போகும். தலைமுடி கனத்துக்கு ஒரு மேடு இருந்தாலும் அங்கே கை தடுக்கும்.

தடுக்கியது. ஆள்காட்டி விரல் அந்த இடத்திலேயே நிற்க, இன்னொரு கை மார்க்கர் பேனாவை எடுத்துச் சின்னதாக ஒரு வட்டம் போட்டது. பிறகு கிரைண்டர் ஓடியது. சக்கரம் வட்டத்தைத் தின்றது. மறுபடி துணி.

அந்தக் கைகளில் ரேகை கிடையாது. உப்புத்தாளும் பாலிஷ் சக்கரமுமாகவே வயதைக் கழித்ததில் பத்து விரலும் கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டன. அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில் கண்ணாடித் தட்டின் மேல் பெருவிரலை வைக்கச் சொன்னார்கள். இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள், ஈரம் தொட்டு வைக்கச் சொன்னார்கள். அதிகாரி சந்தேகப்பட்டுத் தன் விரலை வைத்துப் பார்த்தார். அதற்கு உடனே பச்சை விளக்கு எரிந்தது. வரிசையில் பின்னால் நின்றிருந்த தம்பி சொன்னான்: "விடுங்க சார். ரப்பர் தன்னையே அழிச்சுக்கிச்சு."

பட்டறையில் அவருக்கு அதுதான் பெயர், ரப்பர் அண்ணன். தம்பிக்குப் பென்சில். தம்பி தகடுகளைப் பற்றவைத்து ஒட்டுவான். அண்ணன் அந்த ஒட்டின் மேட்டைத் தேய்த்து, அங்கே ஒட்டு இருந்ததே தெரியாமல் ஆக்குவார். ஓட்டல் சமையலறைத் தொட்டிகள், ஆபரேஷன் மேசைகள், பால் பண்ணைத் தொட்டிகள், மாடிப்படிக் கைப்பிடிகள் என்று இருவரும் சேர்ந்து செய்த எதிலும் ஒட்டு தெரியக் கூடாது. தெரிந்தால் அழுக்கு தங்கும், கை கீறும், வேலை திரும்பி வரும்.

"நான் கண்ணு போக வரைஞ்சதை எல்லாம் அழிச்சே ஒருத்தன் பேர் வாங்கிட்டான்" என்பான் தம்பி, சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும்.

"நீ கோணலா வரைஞ்சதை அழிக்கத்தானே நான் வேலைக்கே வந்தேன்" என்பார் அண்ணன்.

அது விளையாட்டு. கோணல் என்பது தம்பியிடம் கிடையாது. அவன் வைக்கிற ஒட்டு சடை பின்னியது போல ஒரே சீராக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து போகும். ஒருமுறை அவன் மனைவி மாவாட்டும் இயந்திரத்தைத் தூக்கப் போய் மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டு பிரிக்கிறவரை தினமும் காலையில் அவன்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டான். "வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கிட்டுப் பின்னலையே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று அவள் சிரித்தாள். ஆனால் அவள் வேலை செய்த தையல் கடையில், யார் பின்னியது, இவ்வளவு சீராக இருக்கிறதே என்று கேட்டார்களாம்.

அண்ணன் தேய்த்து முடித்த பிறகு தம்பி வந்து தகட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பான். குனிந்து, சாய்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பான். கடைசியில், "எங்கண்ணே வச்சேன்?" என்று கேட்பான். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பாராட்டு என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கேள்விதான். அண்ணன் பதில் சொல்லமாட்டார். துணியை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொள்வார்.

சிற்பம் பட்டறைக்கு வந்தது ஒரு கைப்பைக்குள். அதைச் செய்யச் சொன்னவர் முன்பு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. இப்போது சிற்பங்கள் மட்டும் செய்கிறார். எல்லோருக்கும் டீச்சர். பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த ஒரு சாண் உயர மாதிரியைக் கைப்பையிலிருந்து எடுத்து முதலாளியின் மேசையில் வைத்தார். ஒரு பட்டை தரையிலிருந்து எழும்பி, முறுக்கிக்கொண்டு மேலே போய், தலைகுப்புற மடிந்து, தன் உள்ளேயே திரும்பி இறங்கியது. தலையில்லை, கையில்லை, காலில்லை. இதை மூன்று ஆள் உயரத்துக்கு எவர்சில்வர் தகட்டில் செய்ய வேண்டும், புதிய பேருந்து நிலையத்தின் நடுக்கூடத்தில் வைக்க வேண்டும் என்றார். ஒரே தகட்டை மடித்தது போல இருக்க வேண்டும். ஒட்டு தெரியக் கூடாது.

முதலாளி மாதிரியை இப்படியும் அப்படியும் திருப்பினார். "முன்பக்கம் எது டீச்சர்?"

"முன்பக்கம் கிடையாது."

"அப்ப பின்பக்கம்?"

"அதுவும் கிடையாது. சுத்தி நடந்து பார்க்கறதுக்குத்தான்."

"நல்ல கதையா இருக்கே. தூக்கறப்ப நீ முன்னாடி பிடி, நீ பின்னாடி பிடின்னு இவனுங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

வேலை நடக்க நடக்க ஆளாளுக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். லேத் ஓட்டுகிறவர் அதை ஒரு பெரிய காது என்றார். கிரேன் டிரைவருக்குக் கொடியில் காயும் போர்வை. டீ கொண்டுவரும் அக்கா தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தும்மல் வர்ற மாதிரி இருந்து வராமப் போகும் பாருங்க, அப்ப நம்ம மூஞ்சி போற போக்குதான் இது" என்றார். பட்டறையே ஒப்புக்கொண்டது. தம்பியைக் கேட்டார்கள். "எனக்கு ஒட்டுதான் தெரியுது" என்றான். அண்ணனைக் கேட்கவேயில்லை. அவர் எதையும் ஒரு கை தூரத்துக்கு மேல் தள்ளி நின்று பார்த்தவர் இல்லை. ஒரு சாண் தகடு, அடுத்த சாண், அதற்கடுத்த சாண். அப்படித்தான் அவருக்கு உலகம் வந்து சேரும்.

வெளி ஒட்டுகள் முடிந்தன. பட்டை மேலே மடிந்து உள்ளே திரும்பி, கை எட்டும் உயரத்துக்கு இறங்கும் இடத்தில் ஒரே ஒரு நீள ஒட்டு மிச்சம் இருந்தது. மடிப்புக்குக் கீழே பலகை கட்டி, அதில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே கையைத் தூக்கி வைக்க வேண்டிய ஒட்டு. தம்பி அதை ஆரம்பித்த அன்றே இடது தோள் குடைகிறது என்றான்.

இந்தத் தொழிலில் ஒவ்வொரு வலிக்கும் ஒரு விலாசம் உண்டு. மணிக்கட்டு வலித்தால் கிரைண்டர். கழுத்து வலித்தால் முகமூடி. கண்ணில் மண் அள்ளிப் போட்டது போல எரிந்தால், யாரோ பக்கத்தில் பற்றவைத்த ஒளியை முகமூடி இல்லாமல் பார்த்திருக்கிறோம். விலாசம் தெரிந்த வலிக்கு யாரும் பயப்படுவதில்லை. தோள் வலிக்கும் உடனே விலாசம் கிடைத்துவிட்டது. "மேல பார்த்து வச்சா குடையாம என்ன செய்யும்" என்றார் அண்ணன். வீட்டில் மனைவி தைலம் தேய்த்து வெந்நீர்ப் பை வைத்தாள். தம்பியும், "ரெண்டு நாள் வேலை வலி, இந்த ஒட்டு முடிஞ்சா அதுவும் முடிஞ்சிடும்" என்றான். மூன்று பேருமே அதை நம்பினார்கள். நம்பாமலிருக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

ஒட்டு முடிந்தது. சாயங்காலம் பலகையிலிருந்து இறங்கி, முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதுவும் புதிதில்லை. "ஒரு இடத்துல கை நின்னுடுச்சுண்ணே. பார்த்துக்கோ" என்றான். தினமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற பேச்சுதான். அண்ணன் சரி என்று தலையாட்டினார். வீட்டுக்குப் போன தம்பி செருப்பைக் கழற்றக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், முன்னாடி தோள் வலி ஏதாவது இருந்ததா என்று கேட்டார். அண்ணனும் தம்பி மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், இருந்தது என்றார்கள்.

காரியங்கள் எல்லாம் முடிந்து வேலைக்கு வந்த அண்ணன், முதல் நாளிலிருந்தே வெளி ஒட்டுகளைத் தேய்க்க ஆரம்பித்தார். அடியில் இருந்தவை, முறுக்கில் இருந்தவை, ஏணி போட்டு ஏற வேண்டியவை. ஒவ்வொன்றாகப் போயின. உள்மடிப்புக்கு அவர் வரவில்லை.

"அண்ணே, அந்த உள்ளே இருக்கறது" என்று முதலாளி ஆரம்பிப்பார்.

"கடைசில."

"நானும் அதான் சொல்றேன். கடைசி வந்துடுச்சு. எல்லாத்தையும் முடிச்சுட்டீங்களே."

"இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் மெருகு வேணும்" என்று அவர் முடிந்த இடத்தையே துடைத்துக்கொண்டிருப்பார்.

தம்பி மனைவி ஒருநாள் பட்டறைக்கு வந்தாள். அவனுடைய முகமூடி, மாற்றுச் சட்டை, டிபன் பாக்ஸ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போக வந்தவள். எல்லாவற்றையும் பைக்குள் வைத்துவிட்டு நின்றாள். "அவர் கடைசியா வச்சது எது மாமா?"

ரப்பர் அண்ணன் கை விளக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மடிப்புக்குக் கீழே அவள் குனிந்து உள்ளே போனாள். அவர் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். மினுங்கும் தகட்டுக்கு நடுவில் அந்த ஒட்டு மட்டும் மங்கிய நீலமும் பழுப்புமாக மேடிட்டு ஓடியது.

"சடை" என்றாள்.

அவள் விரல் மேலிருந்து கீழாக ஒட்டின் மேலேயே வந்தது. பாதிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. அங்கே பின்னல் அறுந்திருந்தது. ஒரு சின்னக் குழி. அதற்குப் பிறகு மறுபடி தொடங்கி, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு, சில இடத்தில் வழிந்து, எப்படியோ முனை வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

"இங்க ஏன் இப்படி?"

"அங்கதான் கை நின்னிருக்கு."

அவள் விரலை எடுக்கவில்லை. "அப்புறமும் வச்சிருக்காரே."

"முடிக்காம இறங்க மாட்டான்."

வெளியே லேத் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "வீட்ல மாட்டியிருக்கற போட்டோ யாரோ மாதிரி இருக்கு மாமா. போட்டோ எடுக்கறவன் தலையைச் சீவிவிட்டு, சிரிங்கன்னு சொல்லி எடுத்தது. இதுதான் அவரு. இதை மட்டும் விட்டுடுங்க. தேய்க்காதீங்க."

"பார்க்கலாம்மா" என்றார். அவரால் முடிந்த பதில் அதுதான்.

அடுத்த சில நாளில் டீச்சர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, முற்றத்தில் கட்டைகள் மேல் நின்ற சிற்பத்தைச் சுற்றி நடந்தார். ஒரு சுற்று கிட்ட, ஒரு சுற்று தள்ளி. மடிப்பின் பக்கம் வந்ததும் நின்று, குனிந்து உள்ளே பார்த்தார். விஷயம் அவருக்குத் தெரியும். சாவுக்கு வந்திருந்தவர்தான்.

"இதை விட்டு வச்சிருக்கீங்க."

"ஆமா."

"தானா விட்டுப்போனதில்லைதானே?"

"இல்லை. அவன் சம்சாரம் விடச் சொல்லுது."

டீச்சர் நிமிர்ந்தார். "விட்டாலும் எனக்குச் சம்மதம்ணே. நீங்களே முடிவு பண்ணுங்க."

"தேய்ச்சே ஆகணும்னு நீங்க கண்டிச்சுச் சொல்லிட்டா எனக்குச் சுலபமா இருக்கும் டீச்சர்."

"தெரியும். அதனாலதான் சொல்லலை." செருப்பை மாட்டிக்கொண்டே தொடர்ந்தார்: "ஒண்ணு மட்டும் செய்யுங்க. நீங்க எப்பவும் மூக்கை வச்சுக்கிட்டுத்தான் பார்ப்பீங்க. ஒரு தடவை தள்ளி நின்னு, சுத்தி வந்து பாருங்க. பஸ்ஸுக்கு நிக்கறவன் எப்படிப் பார்ப்பானோ அப்படி. அப்புறம் என்ன தோணுதோ செய்யுங்க."

பட்டறைக்கு விடுமுறையான ஒரு நாள் காலையில் அவர் மட்டும் வந்தார். கிரைண்டரை எடுக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் முற்றத்தில் நிற்பது அவருக்கே வினோதமாக இருந்தது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

கேட்டோரம் நின்று பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்த ஒன்று சோம்பல் முறித்து எழுவது போல இருந்தது. அகலமாக, சாவகாசமாக, மேலே போகப் போக ஒடுங்கி. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தார். இதையா இத்தனை நாள் சாண் சாணாகத் தடவிக்கொண்டிருந்தோம்.

லேத் கொட்டகைப் பக்கம் நகர்ந்தார். அங்கிருந்து அகலம் முழுக்கக் காணாமல் போயிற்று. பட்டையின் விளிம்பு மட்டும் ஒரே கோடாக நின்றது. இவ்வளவு மெல்லியது காற்றில் எப்படி விழாமல் நிற்கிறது என்று பயமாக இருந்தது. அவருடைய கைகள் பின்னாலிருந்து பிரிந்து முன்னால் வந்தன, பிடிப்பதற்குப் போல.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்தபோது நின்றுவிட்டார். மேலே மடிந்த பகுதி அங்கிருந்து ஒரு குனிந்த பிடரியாகத் தெரிந்தது. கீழே வைத்த வேலையை உற்றுப் பார்க்கும் மனிதனின் பிடரி, அதன் கீழே கொஞ்சம் இறங்கிய இடது தோள். முகமூடிக்குள் தம்பி குனிந்தால் அப்படித்தான் இருப்பான். இடது தோள் எப்போதும் ஒரு விரல் இறங்கித்தான் இருக்கும். ஓர் அடி வலப்பக்கம் வைத்தார். பிடரி போய்விட்டது, வெறும் தகடு. திரும்பி அதே இடத்துக்கு வந்தார். இருந்தது. இடப்பக்கம் நகர்ந்தார். போயிற்று. அந்த ஓர் அடியில் முன்னும் பின்னுமாகப் பலமுறை நடந்தார். யாராவது பார்த்திருந்தால் மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பிறகு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு அழுதார். சாவு வீட்டில் அவருக்கு அழுகை வந்திருக்கவில்லை.

வெயில் ஏறியது. பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து மடிப்பின் திறந்த பக்கத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். பேருந்து நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு இந்த உயரத்தில்தான் கண் இருக்கும். பார்வையை அடியில் வைத்தார். அது தானாகவே ஏறிற்று. எங்கும் தடுக்கவில்லை. துணியோடு போகும் கை மாதிரி வழுக்கிக்கொண்டு போய், முறுக்கில் சுழன்று, உச்சியில் மடிந்து, உள்ளே இறங்கத் தொடங்கியது. ஒட்டு வந்ததும் நின்றது. மறுபடி அடியிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் அங்கேயே நின்றது. டப்பாவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டார். உள்பக்கம் தெரிகிற எல்லா இடத்திலிருந்தும் கண் முதலில் அந்த மேட்டுக்குத்தான் போனது, அதிலும் பின்னல் அறுந்த அந்த இடத்துக்கு. பிடரியையும் யாரும் பார்க்கப் போவதில்லை, விளிம்பையும் பார்க்கப் போவதில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தச் சிற்பம் முழுக்கத் தம்பி வைத்த ஒட்டுகள். ஒன்றுகூடச் சோடை இல்லை. அத்தனையையும் அவரே அழித்துவிட்டார், இனி யாருக்கும் தெரியாது. ஆயுசு முழுக்க அவன் வைத்ததில் ஊர் பார்க்கப் போவது இது ஒன்றை மட்டும். அவன் கை நின்றுபோன ஒன்றை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் எதையோ மென்றுகொண்டே அண்ணாந்து பார்த்து, எவனோ அரைகுறை வேலை பார்த்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போவான். வலியோடும் இறங்காமல் வேலையை முடித்தவன் தம்பி. அந்த வலியைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி எல்லோருக்கும் காட்ட வேண்டுமா?

மறுநாள் காலை பலகையில் ஏறி மல்லாந்து படுத்தார். தம்பி படுத்த அதே பலகை. சக்கரத்தை ஒட்டின் மேல் முனையில் வைத்தார். பொறிகள் கண்ணாடியில் தெறித்தன. சீரான பகுதி எப்போதும் போலச் சுலபமாகப் போயிற்று. கை நின்ற இடத்துக்கு வந்ததும் சக்கரத்தை எடுத்துவிட்டு, அந்தக் குழியை ஒருமுறை வெறும் விரலால் தொட்டார். பிறகு தேய்த்தார். நெருக்கியடித்த பகுதியில் உலோகம் அதிகம். அது போக நேரம் பிடித்தது. சொரசொரத் தாள், நடுத்தரத் தாள், நயமான தாள். துணியைப் போட்டுத் தடவினார். தடுக்கவில்லை.

தடுக்கவில்லை என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கை நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. மறுபடி சக்கரத்தை எடுத்து அந்த ஒரு சாண் இடத்திலேயே போய் வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். முடித்தால் இறங்க வேண்டும். இறங்கினால் தம்பி வைத்ததில் அழிக்க வேறு எதுவும் மிச்சமில்லை. டீ கொண்டுவந்த அக்கா கீழேயிருந்து, "அண்ணே, ஆறுது" என்று கூப்பிட்ட பிறகுதான் சக்கரத்தை அணைத்தார்.

மெருகு ஏற்றியபின் விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். தகட்டில் ஓடிய ஒளிக்கோடு அந்த இடத்தில் லேசாக உள்வாங்கி, பிறகு நேரானது. பள்ளம். தொழிலில் அவர் கையால் வந்த முதல் பள்ளம்.

அவரே முதலாளியையும் டீச்சரையும் கூப்பிட்டுக் காட்டினார். முதலாளி எந்தப் பக்கம் தலையைச் சாய்த்தாலும் அவருக்குத் தெரியவில்லை. "இல்லாததைக் காட்டி என் உயிரை வாங்காதீங்க" என்றார். டீச்சர் ஒரே ஒரு இடத்தில் நின்றபோது கண்டுபிடித்தார். இன்னொரு வெல்டரை வைத்து நிரப்பலாம்தான். ஆனால் மெருகேறிய மெல்லிய தகட்டில் மறுபடி சூடு பட்டால் பக்கம் முழுக்க நெளியும்.

"இருக்கட்டும்ணே" என்றார் டீச்சர். "இதுவும் இதுல ஒரு பாகம்தான் இப்ப."

"என் வேலை இப்படி இருக்காது டீச்சர்."

"தெரியும்ணே."

வீட்டில் அவர் மனைவி, தம்பி சம்சாரத்திடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள். பக்கத்து வாசல்தான். அவர் போகவில்லை. காலையில் வாசலில் எதிர்ப்பட்டால் இருமிக்கொண்டே சைக்கிளை எடுத்தார். அவளும் கேட்கவில்லை. சிற்பம் போகிற நாள் எது என்று மட்டும் அவர் மனைவியிடம் கேட்டு வைத்துக்கொண்டாள்.

பேருந்து நிலையம் இன்னும் திறக்கப்படவில்லை. நடுக்கூடத்தில் பெயிண்ட் வாசனை அடித்தது, பெஞ்சுகள் பாலிதீன் உறையோடு இருந்தன. கிரேன் டிரைவர் சிற்பத்தைப் பூப்போல இறக்கினார். போல்ட்டுகள் முறுக்கப்பட்டன. நிலையப் பொறுப்பாளர் சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் நின்னு போட்டோ எடுக்கறது?" என்று கேட்டார். முதலாளி டீச்சரைப் பார்த்தபடி, "இதுக்கு முன்பக்கம் கிடையாது சார்" என்று பெருமையாகச் சொன்னார்.

தம்பி மனைவி வேலைக்குப் போகிற புடவையில் வந்திருந்தாள். யாரிடமும் பேசாமல் நேராக மடிப்பின் பக்கம் போனாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். வேறு பக்கமாக இருக்குமோ என்று ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி அதே இடத்தில் நின்றாள். ரப்பர் அண்ணன் ஒரு தூணோரம் நின்றிருந்தார்.

"எங்க வச்சாரு மாமா?" என்று கேட்டாள்.

எத்தனையோ வருடம் கேட்ட கேள்வி. இந்தக் குரலில் கேட்டதில்லை.

"நான் விடச் சொன்னேனே."

"அவன் வச்சதுல அது ஒண்ணுதாம்மா சரியில்லை. ஊர் அதை மட்டும் பார்க்கும். எனக்கு மனசு வரலை."

அவள் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா இல்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் மெதுவாக வந்து, "இங்க வந்து நில்லு" என்று தரையில் ஒரு கல்லைக் காட்டினார். "கொஞ்சம் தலையைச் சாய். மேல இருக்கற விளக்கு தகட்டுல வரிசையாத் தெரியுதா?"

"தெரியுது."

"வரிசையோட கண்ணைக் கொண்டுபோ."

"ஒரு இடத்துல வளையுது" என்றாள். "தண்ணிக்குள்ள தெரியற மாதிரி." கொஞ்சம் நிறுத்தி, "அதுவா அவரு?"

"இல்லம்மா. அது நான்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வேலை முடிஞ்சும் இறங்க மனசில்லாம தேய்ச்சுக்கிட்டே இருந்துட்டேன். பள்ளமாயிடுச்சு."

அவள் கையை உயர்த்தி அந்த இடத்தில் உள்ளங்கையைப் பதித்தாள். "ஒண்ணும் தெரியலையே."

அவர் தோளிலிருந்த துணியை எடுத்துக் கொடுத்தார். "இதைப் போட்டுத் தடவு. அழுத்தாதே."

துணியோடு அவள் கை போயிற்று, வந்தது. இரண்டாவது முறை நடுவில் மெல்ல இறங்கி ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். துணியை எடுத்துவிட்டு, வெறும் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள். பிறகு துணியை நான்காக மடித்து அவரிடம் கொடுத்துவிட்டு, "கடைக்கு நேரமாச்சு மாமா" என்று போனாள். வாசலைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சரும் பொறுப்பாளரும் சிற்பத்தை ஒப்படைத்ததற்கான காகிதங்களை எழுதி முடித்தார்கள். கிரேன் டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார். ரப்பர் அண்ணன் மட்டும், "இதைத் துடைக்கப்போறது யாரு?" என்று கேட்டார். வாளியும் துடைப்பமுமாக ஓரத்தில் நின்றிருந்த அம்மாவைக் காட்டினார்கள்.

அவர் அந்தம்மாவிடம் போனார். சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும், குறுக்கே துடைக்கக் கூடாது, பட்டை போகிற வழியிலேயே கை போக வேண்டும் என்று செய்து காட்டினார். அந்தம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, மடிப்புக்கு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இங்க யாரோ கை வச்சிருக்காங்களே. அஞ்சு விரலும் ரேகையோட அப்படியே இருக்கு. துடைச்சிடவா?"

ரப்பர் அண்ணன் பார்த்தார். அவர் கை தன் பழக்கத்துக்குத் துணியோடு அதை நோக்கி எழும்பியது. அங்கேயே நின்றது.

"நாளைக்குத் துடைச்சாப் போதும்" என்று சொல்லி, துணியை அந்தம்மாவின் கையில் கொடுத்தார்.